உருண்டைப் பூச்சி உதவியா, உபத்திரவமா?



மாரி தொடங்கி நிலம் ஈரமானதும் எங்கள் பெண்கள் குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மிஸ், சருகைக் கிளறினால் அடியில கூட்டம் கூட்டமாய்ச் சாம்பல் நிறப் பூச்சி கிடக்குது. தொட்டால் மிளகு மாதிரி உருண்டு போகுது. உது தோட்டத்துக்கு நல்லதோ, கூடாதோ?" இதற்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் உருண்டைப் பூச்சி என்றே எழுதுகிறேன்.

நான் படித்தது சமூகவியல், விவசாயம் அல்ல. ஆனால் கணவனை இழந்தும், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டும் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்துகின்ற பெண்களோடு வேலை செய்கிறவளுக்கு வீட்டுத்தோட்டம் வெறும் பொழுதுபோக்காகத் தெரியாது. அது ஒரு நேரக் கறி. பிள்ளையின் பஸ் காசு. கிழமைக்கிழமை வாசலுக்கு வரும் கடன்காரருக்குச் சொல்லக்கூடிய ஒரு பதில். 40 கன்று அழிந்தால் அந்த வீட்டில் என்னென்ன அழியும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டும், வாசித்தும், பல வளவுகளில் நேரே பார்த்தும் அறிந்தவற்றை இம்மாதம் எழுதுகிறேன்.

இது பூச்சியே அல்ல

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நாம் பூச்சி என்று சொன்னாலும் இது பூச்சி இனத்தைச் சேர்ந்ததல்ல. பூச்சிக்கு 6 கால்கள். இதற்கு 14 கால்கள். இது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தக்காரர். கடலில் இருந்த இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை பல கோடி வருடங்களுக்கு முன்னர் கரைக்கு வந்து நிலத்திலேயே தங்கிவிட்டது. கரைக்கு வந்தாலும் ஈரத்தை விட முடியவில்லை. இது மூச்சுவிடும் உறுப்புகள் வயிற்றின் கீழ்ப்புறத்தில் இருக்கின்றன. அவை காய்ந்தால் உயிர் போய்விடும். பகலில் கல்லுக்கும், பொச்சுமட்டைக்கும், உக்கிய மரத்துக்கும் அடியில் ஒளிந்திருந்து இரவில் வெளியே வருவது இதனால்தான். உருளுவதும் ஒரு பாதுகாப்புத்தான். எதிரியிடமிருந்து மென்மையான வயிற்றை மறைக்கலாம், ஈரத்தையும் காக்கலாம். உருளாமல் ஓடித் தப்புகின்ற, சற்றுத் தட்டையான சொந்தக்காரர்களும் உண்டு. அவற்றின் குணமும் ஏறத்தாழ இதுவே.

தாய் தன் முட்டைகளை மண்ணில் இட்டுவிட்டுப் போவதில்லை. வயிற்றின் கீழே நீர் நிறைந்த ஒரு பை இருக்கிறது. முட்டைகளை அதற்குள் சுமந்து, குஞ்சாகி வெளியே வரும்வரை காவித் திரிகிறது. சருகுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சின்னஞ்சிறு உருவங்கள் ஊர்வதைக் கண்டால் அவை புதிதாகப் பிறந்த குஞ்சுகளாக இருக்கலாம்.

மழைக்காட்டுப் பக்கம் போளை அளவுக்கு உருளும் பெரிய ஒன்றைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது வேறு, மரவட்டை இனத்தைச் சேர்ந்தது. அதுவும் பெரும்பாலும் உக்கிய இலையைத் தின்றே வாழ்கிறது.

என்ன வேலை செய்கிறது?

இதன் பிரதான உணவு செத்த பொருள்தான். காய்ந்த இலை, உக்கிய தண்டு, பழத்தோல், பூஞ்சணம் என்பவற்றைச் சாப்பிடுகிறது. ஒரு பூவரசம் இலை தானாக உக்குவதற்கு நாளெடுக்கும். இந்தப் பிராணி அதைக் கடித்து, அரைத்து, சிறு துணிக்கையாகக் கழிக்கிறது. அந்தத் துணிக்கையில் நுண்ணங்கிகள் இலகுவாக ஏறி வேலை செய்கின்றன. கூட்டுப்பசளைக் கும்பிக்குள் இவை நிறைய இருந்தால் நீங்கள் சம்பளம் கொடுக்காமல் ஒரு கூட்டம் கூலியாட்கள் இரவு முழுக்க வேலை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் முன்னோர் தோட்டத்துக்குக் குழை தாழ்த்தினார்கள். பூவரசங் குழையையும் பனையோலையையும் வெட்டி மண்ணுக்குள் புதைத்தார்கள். அந்தக் குழையை மண்ணாக்கியவர்களில் மண்புழுவோடு இவையும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலமும் இவற்றுக்கு வாய்ப்பானது. இதன் ஓடு உறுதியாக இருப்பதற்குச் சுண்ணாம்புச் சத்துத் தேவை.

அப்படியானால் தீமையே இல்லையா? இருக்கிறது. பசளிக் கீரையின் முளை, பயிற்றை, வெள்ளரி, பூசணி ஆகியவற்றின் முதல் இரண்டு இலைகள் போன்ற மிகவும் இளசான பச்சையைக் கடிக்கும். மண்ணில் படுத்துக் கிடக்கும் வெள்ளரிக்காயிலும் பூசணிக்காயிலும், முக்கியமாக ஏற்கனவே சிறு காயம் இருக்கும் இடத்தில், குடைந்து தின்னும். தண்டு முற்றிய கன்றுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆர்ஜென்டினாவில் நிலத்தை உழாமல், பழைய வைக்கோலை அப்படியே விட்டுச் சோயா பயிரிடத் தொடங்கியபின் இது முளைகளைத் தின்னும் பீடையாகவே மாறியிருக்கிறது. சருகு கூடினால் தொகை கூடும். தொகை கூடிய இடத்தில் பக்கத்திலே இளமுளை இருந்தால் அதிலும் வாய் வைக்கும். விடயம் இவ்வளவுதான்.

எங்கள் பகுதிகளில் இந்தக் கேள்வி அண்மைக் காலத்தில் கூடியதற்கும் காரணம் உண்டு. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த வருட இறுதியில் தடை நீக்கப்பட்டாலும், 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு மூடைப் பசளையின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. நிறையப் பெண்கள் கூட்டுப்பசளைக்கும், பாத்தியைச் சருகால் மூடுவதற்கும் மாறினார்கள். நல்ல மாற்றம். தண்ணீர் மிச்சம், களை குறைவு. ஆனால் சருகு வந்தபோது சருகு தின்னிகளும் கூடவே வந்துவிட்டன.

இரவில் போய்ப் பார்த்த கதை

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு அக்கா தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், ரெண்டாம் தரமும் நட்ட கத்தரிக்கண்டு போச்சுது. விடிய எழும்பிப் பார்த்தால் அடியோட வெட்டின மாதிரி விழுந்து கிடக்கு. சுத்திவர உந்த உருண்டைப் பூச்சிதான். கடையில மருந்து வாங்கி வைச்சிருக்கிறன். பின்னேரம் ஊத்தப் போறன்."

கன்று வாங்கியது குழுவில் எடுத்த கடனில். மூன்றாம் தரம் வாங்குவதற்குக் கையில் எதுவும் இல்லை. அவரது குரலில் இருந்த அவசரம் எனக்கு விளங்கியது. மருந்தை ஒரு நாள் பொறுக்கச் சொல்லி, போதனாசிரியர் முன்பு எங்களுக்குச் சொல்லித் தந்த முறையைச் சொன்னேன்: இரவு எட்டரை மணி போல மகளையும் கூட்டிக்கொண்டு, செருப்புப் போட்டு, தடியும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு பாத்தியைப் பாருங்கள். விழுந்த கன்றைச் சுற்றி நாலு விரல் ஆழத்துக்கு மண்ணைக் கிளறுங்கள்.

அடுத்த நாள் நான் போனபோது ஒரு சிரட்டைக்குள் கொழுத்த, மண் நிறப் புழுக்கள் ஐந்து சுருண்டு கிடந்தன. வெட்டுப்புழு. பகலில் மண்ணுக்குள் ஒளிந்திருந்து, இரவில் வந்து, தண்டை மண் மட்டத்தில் அறுக்கும். கத்தரியை வெட்டியது அதுதான். உருண்டைப் பூச்சி விழுந்த கன்றின் வாடிய இலையைத் தின்ன வந்திருக்கிறது. வெட்டியவன் மண்ணுக்குள் போனபின் வெளியே நின்றது அதுதான், கண்ணில் பட்டதும் அதுதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பக்கத்துப் பாத்தியில் பயிற்றை விதைத்து நான்கு நாள். வைக்கோலை விதை வரிசை வரைக்கும் தடிப்பாகப் போட்டிருந்தார். அங்கே டோர்ச் வெளிச்சத்தில் உருண்டைப் பூச்சிகள் முளைகளின் மேலேயே ஏறி நின்று கடித்துக்கொண்டிருந்ததை மகள் கண்டிருக்கிறாள். ஆகவே கத்தரிப் பாத்தியில் அது குற்றமற்றது. பயிற்றைப் பாத்தியில் குற்றமுள்ளது. ஒரே வளவு, ஒரே இரவு. மருந்தை ஊற்றியிருந்தால் இந்த இரண்டையும் பிரித்து அறிந்திருக்க முடியாது.

யார் செய்தது என்று அறிய

காலையில் பாத்தியைப் பார்க்கும்போது இந்த அடையாளங்களைக் கவனியுங்கள்.

தண்டு மண் மட்டத்தில் அறுந்து கன்று முழுதாக விழுந்திருந்தால் வெட்டுப்புழுவைச் சந்தேகியுங்கள். பக்கத்து மண்ணைக் கிளறினால் பெரும்பாலும் அகப்படும்.

இலையில் பெரிய ஓட்டைகளும், பளபளப்பான காய்ந்த சளித் தடமும் இருந்தால் நத்தை.

தண்டின் அடி கறுத்து, நூல் போல மெலிந்து, கடித்த அடையாளமின்றிக் கன்று சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். தண்ணீர் கூடிப்போனதாலும், நாற்று நெருக்கமாக இருப்பதாலும் வரும். இதற்குப் பூச்சி மருந்து ஊற்றிப் பயனில்லை.

முளையின் முதல் இலைகள் ஓரத்தில் கரம்பப்பட்டு, தண்டின் தோல் சுரண்டப்பட்டு, சளித் தடம் இல்லாமலிருந்தால் உருண்டைப் பூச்சியாக இருக்கலாம். இரவில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இரவில் வெளியே இறங்குவது எல்லோருக்கும் முடிந்த காரியம் அல்ல. தனியே இருக்கும் பெண்கள் பாம்புக்கு மட்டும் பயப்படுவதில்லை என்பதை நான் அறிவேன். அவர்கள் மாலையில் ஒரு நனைத்த உரப்பையையோ, பப்பாசித் தோலையோ, குடைந்த தேங்காய் மூடியையோ பாத்தியில் கவிழ்த்து வைத்துவிட்டு, விடியப் பார்க்கலாம். இரவில் அந்தப் பக்கம் திரிந்த உருண்டைப் பூச்சியும் நத்தையும் அதற்கு அடியில் தங்கியிருக்கும்.

செலவில்லாத வழிகள்

நாற்றை முதலில் சிரட்டையிலோ யோகட் கப்பிலோ அடியில் ஓட்டை போட்டு வளர்த்து, தண்டு உறுதியானபின் நடுங்கள். நேரே விதைக்க வேண்டிய பயிற்றைக்கும் வெள்ளரிக்கும் குழிக்கு ஓரிரு விதை கூடுதலாகப் போடுங்கள்.

விதை முளைத்து முதல் இரண்டு மூன்று கிழமைக்குச் சருகை முளையிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தண்டு முற்றியபின் கிட்டக் கொண்டுவரலாம். சருகு போடுவதை நிறுத்த வேண்டாம். இடத்தை மாற்றினால் போதும்.

தண்ணீரை மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள். இரவில் மேல்மண் காய்ந்திருந்தால் அது அதிக தூரம் நடமாடாது.

அடி வெட்டிய யோகட் கப்பையோ, தடித்த மட்டையையோ வளையமாக்கிக் கன்றைச் சுற்றி இரண்டு விரல் மண்ணுக்குள் புதையுங்கள். வெட்டுப்புழுவுக்கும் இது நல்ல வேலி.

பூசணிக்கும் வெள்ளரிக்கும் காயின் கீழே ஓட்டுத் துண்டோ சிரட்டையோ வையுங்கள். காய் மண்ணில் முட்டாமல் இருந்தால் கடியும் அழுகலும் குறையும்.

தோலுக்கும் சாக்குக்கும் அடியில் சேர்ந்தவற்றைக் காலையில் தட்டிக் கூட்டுப்பசளைக் கும்பிக்குள் போடுங்கள். முளைப் பாத்தியில் உபத்திரவமாக இருந்தது கும்பிக்குள் போனதும் உதவியாகிவிடும். கும்பியை நாற்றுப் பாத்தியிலிருந்து தள்ளி வையுங்கள். கோழி வளர்ப்பவர்கள் நடுவதற்கு முன்னர் ஓரிரு நாள் கோழிகளைப் பாத்தியில் விட்டால் அவை கிளறித் தின்னும். நட்டபின் விட்டால் கோழியே முதற் பீடை.

உப்புத் தூவுவதாகச் சிலர் சொன்னார்கள். வேண்டாம். உப்பு மண்ணைக் கெடுத்துக் கன்றையும் கொல்லும். சாம்பல் தூவலாம், ஆனால் நனைந்தால் பயன் போய்விடும், அளவுக்கு மிஞ்சினாலும் மண்ணுக்குக் கூடாது.

மருந்துப் போத்தலைப் பற்றி

அந்த அக்கா வாங்கி வைத்திருந்த மருந்து ஒரு சோடாப் போத்தலில் இருந்தது. பெயர் இல்லை, அளவு இல்லை, எத்தனை நாளுக்குப் பிறகு காய் பறிக்கலாம் என்ற விபரமும் இல்லை. கடையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அது அடுப்படித் தட்டில் தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் நின்றது.

மண்ணுக்கு ஊற்றும் நஞ்சு உருண்டைப் பூச்சியோடு நிற்காது. மண்புழு சாகும். செத்த பூச்சியைத் தின்னும் கோழிக்கும் போகும். எங்கள் மணற்பாங்கான, சுண்ணாம்புக்கல் நிலங்களில் மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போக வெகுநேரம் எடுக்காது. பத்து நாளில் கீரை ஆய்ந்து பிள்ளைக்குக் கொடுக்கப்போகும் பாத்தி அது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நஞ்சு இருப்பதே ஒரு ஆபத்து. இலங்கையில் தற்கொலை மரணங்கள் 1995 அளவில் உச்சத்தில் இருந்தன. மிகக் கொடிய பூச்சிநாசினிகள் சில 1995 இலும் 1998 இலும் தடைசெய்யப்பட்டபின், அடுத்த பத்து வருடங்களில் அந்த வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. மக்களின் கவலைகள் அரைவாசியாகக் குறைந்துவிடவில்லை. அந்தக் கெட்ட மணித்தியாலத்தில் கொல்லும் பொருள் கைக்கெட்டவில்லை, அந்த மணித்தியாலம் கடந்து போனது, ஆள் தப்பியது. நாங்கள் வேலை செய்யும் வீடுகளில் கெட்ட மணித்தியாலங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஆகவே தேவையற்ற நஞ்சை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். மனம் தாங்க முடியாமல் போனால், அல்லது அயலில் ஒருவர் அப்படியிருப்பதாகக் கண்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

உண்மையிலேயே மருந்து தேவைப்படும் நோயும் பீடையும் உண்டு. அப்போது உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் பாதிக்கப்பட்ட கன்றோடு போய், போதனாசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். பெயர் ஒட்டிய, திறக்காத போத்தலை மட்டும் வாங்கி, வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள்.

குழுவில் பேசியது

அந்தக் கிராமத்தின் அடுத்த கூட்டத்தில் அக்கா இந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னார். சிரட்டையில் பிடித்த வெட்டுப்புழுவையும் நடித்துக் காட்டினார். பின்னர் சற்று நிறுத்தி, "உந்த உருண்டைப் பூச்சியை எனக்கு முதலே தெரியும்" என்றார். "2009 இல பங்கருக்குள்ள இருக்கேக்க, என்ர சின்னவனுக்கு நாலு வயசு. மழை ஈரத்தில பங்கர்ச் சுவரெல்லாம் உதுகள்தான். செல் விழேக்க உதுகளைத் தொட்டுத் தொட்டு உருட்டி எண்ணிக்கொண்டிருப்பான். எண்ணி முடியும்வரை அழமாட்டான்." அந்தப் பிள்ளை இன்று இருபதைக் கடந்த இளைஞன். மேசன் வேலை செய்கிறான்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்த ஒரு அம்மா, "செய்தவன் மண்ணுக்குள்ள, பக்கத்தில நிண்டதுக்குப் பழி. எங்களுக்கு இது புதுசே?" என்றார். சிரிப்பு எழுந்தது. அவர் கணவனை இழந்தபின் சொந்தத் தம்பியின் கலியாணத்தில் பின்னுக்கு நிறுத்தப்பட்டவர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

அக்காவின் கத்தரிக்குக் குழுவிலிருந்த நான்கு பேர் தங்கள் நாற்றிலிருந்து பத்துப் பத்தாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் யோகட் கப் வளையம் போட்டு நட்டார். பயிற்றையில் பாதி மீண்டது. மீதியை மறுபடி விதைத்தார். சோடாப் போத்தலைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லி, போதனாசிரியரிடமே ஒப்படைத்தோம்.

இந்த மாதம் உங்கள் பாத்தியிலும் ஒரு நனைத்த சாக்கைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் அதற்கு அடியில் யார் இருந்தார்கள், எத்தனை பேர் இருந்தார்கள், பக்கத்தில் எந்தக் கன்று எப்படிச் சேதமாகியிருந்தது என்று ஒரு கொப்பியில் குறித்து எழுதி அனுப்புங்கள். சேர்ந்தவற்றை ஒழுங்குபடுத்தி, எந்தப் பயிருக்கு எந்த வழி கைகொடுத்தது என்பதை வரும் மாதங்களில் இதே பக்கத்தில் தருகிறேன்.